போருக்குச் சொல்லும் காரணத்தை எடைபோடுவது எப்படி?

ஓர் அரசு போருக்குப் போகும்போதும், ஆயுதம் வாங்கப் பெருந்தொகை ஒதுக்கும்போதும் மக்களிடம் ஏதேனும் ஒரு காரணத்தைச் சொல்லியாக வேண்டும். எல்லையில் ஆபத்து, பக்கத்து நாட்டின் படைப்பெருக்கம், எங்கோ வதைபடும் மக்களைக் காப்பாற்றும் கடமை, வேலைவாய்ப்பு, நாட்டின் கௌரவம் என்று அந்தக் காரணம் பல வடிவங்களில் வரும். அதைக் கேட்டவுடன் நம்பிவிடாமலும், கேட்டவுடன் பொய் என்று தள்ளிவிடாமலும், ஆதாரம் கேட்டு நிறுத்துப் பார்க்கும் பழக்கத்தைத்தான் இங்கே ஐயப்பார்வை என்று குறிப்பிடுகிறேன். மதுரைப் பக்கத்துக் கல்லூரிகளில் வரலாறோ பொருளியலோ படிக்கத் தொடங்கியிருக்கும் மாணவர்களை மனத்தில் வைத்து, அந்தப் பழக்கத்தின் அடிப்படையை விளக்க முயல்கிறேன்.

அடிப்படை எளியது. அரசு சொல்லும் காரணத்தை ஒரு பக்கமும், அது கேட்கும் கோரிக்கையை மறுபக்கமும் தனித்தனியே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு, காரணம் பொய்த்துப்போனாலோ தீர்ந்துபோனாலோ கோரிக்கையும் கைவிடப்படுகிறதா என்று கவனிக்க வேண்டும். மருத்துவச் செலவுக்கென்று கைமாற்றுக் கேட்ட உறவினர், நோய் ஒன்றுமில்லை என்று தெரிந்தபின் வீட்டுக் கூரையைக் காட்டி அதே தொகையைக் கேட்டால், பணம் வேறெதற்கோ தேவைப்படுகிறது என்று நமக்குச் சட்டெனப் புரிந்துவிடும். அரசுகளின் விஷயத்தில் மட்டும் அப்படி யோசிக்கத் தயங்குகிறோம். போர் என்றதும் கணக்குக் கேட்பதே குற்றம் என்ற கூச்சம் வந்துவிடுகிறது. அந்தக் கூச்சத்தை விலக்கிவைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இதற்கு முதல் எடுத்துக்காட்டு மதுரையை அடுத்த ஒத்தக்கடையைத் தாண்டினாலே கிடைக்கும். 1755ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கர்னல் ஹெரான் என்பவரின் தலைமையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை திருச்சியிலிருந்து தெற்கே கிளம்பியது. ஆற்காட்டு நவாப் முகமது அலியின் படையும் உடன் வந்தது. மதுரையும் திருநெல்வேலியும் நவாபுக்குச் சேரவேண்டிய கப்பத்தைக் கட்டவில்லை, ஆகவே அங்கே ஒழுங்கை நிலைநாட்ட வேண்டும் என்பது சொல்லப்பட்ட காரணம். கணக்கைப் பின்னோக்கிப் படித்தால் வேறொரு காட்சி தெரிகிறது. பிரெஞ்சுக்காரர்களின் துணையோடு நின்ற சந்தா சாகிபை எதிர்த்து முகமது அலி பதவிக்காக நடத்திய போருக்குக் கம்பெனி படை கொடுத்தது. அந்தச் செலவு நவாபின் பெயரில் கடனாக ஏறியது. அந்தக் கடனை அடைக்கத் தெற்கத்திச் சீமையின் வரிப்பணம் தேவைப்பட்டது. அதாவது ஒரு போரின் கடனை வசூலிக்க இன்னொரு படையெடுப்பு. மதுரைக் கோட்டை எதிர்ப்பின்றிக் கைக்கு வந்தது. அடுத்துத் திருமோகூர்ப் பக்கம் இருந்த கோயில்குடிக் கோயிலைத் தாக்கி, அங்கிருந்த சிலைகளையும் ஹெரானின் படையினர் எடுத்துச் சென்றார்கள். திரும்பும் வழியில், மே மாத இறுதியில், நத்தம் கணவாயில் கள்ளர்கள் மறித்துத் தாக்கி அந்தச் சிலைகளை மீட்டார்கள். ஹெரான் ராணுவ விசாரணைக்கு உள்ளாகிப் பதவி இழந்தார்.

கோரிக்கை அத்தோடு நிற்கவில்லை என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். அதே வசூல் வேலைக்குக் கம்பெனியின் சிப்பாய்ப் படைத்தளபதி யூசுப் கான் (மருதநாயகம்) அமர்த்தப்பட்டார். பிறகு அவரே கலகக்காரர் என்று அறிவிக்கப்பட்டு 1764இல் மதுரையில் தூக்கிலிடப்பட்டார். அவருடைய அடக்கத் தலம் இன்றும் சம்மட்டிபுரத்தில் இருக்கிறது. 1801இல், கர்நாடகம் என்று அப்போது அழைக்கப்பட்ட நவாபின் ஆட்சிப்பகுதி முழுவதையும் கம்பெனி எடுத்துக்கொண்டபோது, ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கிடைத்த கடிதங்களைக் காட்டி, நவாபின் குடும்பம் திப்புவோடு ரகசியத் தொடர்பு வைத்திருந்தது என்று புதியதொரு காரணம் சொல்லப்பட்டது. கப்ப பாக்கி, ஒழுங்கின்மை, கலகம், துரோகம் என்று நாற்பத்தாறு ஆண்டுகளில் காரணம் நான்கு பெயர்களில் வந்தது. நிலவரியைக் கைக்கொள்ளும் நோக்கம் ஒருமுறைகூட மாறவில்லை.

நம் காலத்தில் இதே வடிவம் மிகத் தெளிவாகத் தெரிந்தது ஈராக்கில். 2003 பிப்ரவரி 5 அன்று அமெரிக்க வெளியுறவு அமைச்சர் கொலின் பவல் ஐ.நா. பாதுகாப்பு அவையில் படங்களையும் ஒலிப்பதிவுகளையும் முன்வைத்து, ஈராக்கிடம் பேரழிவு ஆயுதங்கள் உள்ளன என்று வாதிட்டார். மார்ச் 20 அன்று போர் தொடங்கியது. நாட்டையே கைப்பற்றித் தேடிய பின்னும் அந்த ஆயுதக் குவியல் கிடைக்கவில்லை; அமெரிக்காவே அமைத்த ஆய்வுக் குழுவின் அறிக்கை 2004இல் அதை உறுதி செய்தது. சொன்ன காரணம் இல்லை என்று ஆனபின் படைகள் திரும்பியிருக்க வேண்டும். அதற்கு மாறாக, ஈராக்கியருக்கு ஜனநாயகம் கொண்டுவருவது என்ற காரணம் முன்னிடத்துக்கு வந்தது; படைகள் 2011 டிசம்பர் வரை அங்கேயே இருந்தன.

செலவு பற்றிச் சொல்லப்பட்டதும் இதே கதிதான். ஜனாதிபதி புஷ்ஷின் பொருளாதார ஆலோசகர் லாரன்ஸ் லிண்ட்சே, 2002 செப்டம்பரில், போருக்கு 10,000 முதல் 20,000 கோடி டாலர் வரை ஆகலாம் என்று சொன்னபோது அரசுத் தரப்பே அதை மறுத்தது. 5,000, 6,000 கோடி டாலரில் முடிந்துவிடும் என்ற கணிப்பு வெளிவந்தது. அவ்வாண்டு முடிவதற்குள் லிண்ட்சே பதவியில் இல்லை. பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்ட், போர் ஆறு நாளில் முடியலாம், ஆறு வாரத்தில் முடியலாம், ஆறு மாதம் ஆகுமா என்பது சந்தேகம் என்ற பொருளில் பேசினார். நேரடிச் செலவு மட்டுமே பின்னர் 80,000 கோடி டாலரைத் தாண்டியது. மறுக்கப்பட்ட மதிப்பீடே உண்மையான செலவில் கால் பங்குக்குமேல் போகவில்லை. போர் தொடங்கும் முன் சொல்லப்படும் காலமும் செலவும் பெரும்பாலும் குறைத்தே சொல்லப்படும் என்பதை ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளலாம்.

வியட்நாமை விரித்துச் சொல்ல இங்கே இடமில்லை. 1964 ஆகஸ்ட் 4 அன்று டோன்கின் வளைகுடாவில் அமெரிக்கக் கப்பல்கள் தாக்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட சம்பவம் நடக்கவே இல்லை என்பதும், அதைக் காட்டி, படையை ஏவ ஜனாதிபதிக்கு அதிகாரம் தரும் தீர்மானம் மூன்று நாளில் நிறைவேறியது என்பதும், அந்தத் தீர்மானத்தின் பலத்தில் நடந்த போரில் 58,000க்கும் மேற்பட்ட அமெரிக்கரும் அதைப் பல மடங்கு மிஞ்சிய வியட்நாமியரும் இறந்தார்கள் என்பதும் போதும்.

போர் இல்லாத காலத்தில் ஆயுதச் செலவுக்குச் சொல்லப்படும் காரணம் வேறு வகையானது. எதிரியின் பலத்தை உள்ளதைவிடப் பெரிதாகக் காட்டுவது அதன் வழக்கமான முறை. 1950களின் இறுதியில், ஏவுகணைகளில் சோவியத் ஒன்றியம் மிகவும் முந்திவிட்டது, அமெரிக்கா பின்தங்கிவிட்டது என்ற பேச்சு பரவியது. 1960 தேர்தலில் கென்னடி அதையே பிரசாரப் பொருளாக்கினார். 1961இல் உளவுச் செயற்கைக்கோள் படங்கள் வந்தபோது, சோவியத்திடம் இருந்த நெடுந்தூர ஏவுகணைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை என்பதும், முந்தி இருந்தது அமெரிக்காவே என்பதும் தெரிந்தது. இந்த இடத்தில் நம் சோதனையைப் போட்டுப் பாருங்கள். அமெரிக்கா பின்தங்கவில்லை என்று ஆனபின்னும் மினிட்மேன் என்ற நெடுந்தூர ஏவுகணைகள் மட்டும் 1,000 நிறுவப்பட்டன. அதைக் கண்ட சோவியத் தரப்பும் தன் உற்பத்தியைப் பெருக்கியது. இல்லாத ஆபத்துக்காகச் செய்த செலவு, சில ஆண்டுகளில் உண்மையான ஆபத்தையே உண்டாக்கிவிட்டது. ராணுவத் தளபதியாக இருந்து ஜனாதிபதியான ஐசன்ஹோவர், 1961 ஜனவரி 17 அன்று ஆற்றிய விடைபெறும் உரையில், ராணுவமும் ஆயுதத் தொழிலும் கூட்டாகப் பெறும் செல்வாக்கைக் குறித்து நாட்டை எச்சரித்தார். படையின் உள்விவகாரம் அறிந்தவர் சொன்னது என்பதால் அதற்குத் தனி எடை உண்டு.

இனி நம் நாட்டுக் கணக்குக்கு வருவோம். ஸ்டாக்ஹோமில் உள்ள சிப்ரி என்ற அமைதி ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி 2024இல் உலக நாடுகளின் ராணுவச் செலவு ஏறத்தாழ 2.7 லட்சம் கோடி டாலர். அமெரிக்காவும் சீனாவும் முதலிரு இடங்களில் நிற்க, 8,610 கோடி டாலருடன் இந்தியா ஐந்தாம் இடத்தில் இருந்தது. 2025-26 மத்திய பட்ஜெட்டில் பாதுகாப்பு அமைச்சகத்துக்கு ஒதுக்கப்பட்டது ₹6.81 லட்சம் கோடி. இந்த ஒரே தொகையை மூன்று விதமாகச் சொல்லலாம். நாட்டின் மொத்த உற்பத்தியில் இரண்டு சதவீதத்துக்கும் குறைவு என்றால் சிறியதாகத் தெரியும். மத்திய பட்ஜெட்டில் 13 சதவீதத்துக்கும் மேல் என்றால் பெரியதாகத் தெரியும். தலைக்கு ஏறத்தாழ ₹4,700 என்றால், நால்வர் உள்ள குடும்பம் தன் பங்கு ஆண்டுக்குச் சுமார் ₹18,800 என்று அறிந்துகொள்ளும். மூன்றும் உண்மையே. செலவு போதாது என்று வாதிடுபவர் முதல் விதத்தையும், மிகை என்று வாதிடுபவர் இரண்டாம் விதத்தையும் எடுத்துக்கொள்வார்; படிப்பவர் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அந்தத் தொகைக்குள்ளும் நுழைய வேண்டும். ₹1.80 லட்சம் கோடி ஆயுதம், விமானம், கப்பல் போன்ற மூலதனச் செலவு, ₹1.60 லட்சம் கோடி ஓய்வூதியம். மீதியில் பெரும்பகுதி சம்பளமும் அன்றாடப் பராமரிப்பும். பட்ஜெட் ஏறினால் புது ஆயுதம் வருகிறது என்று எண்ணுவது பெரும்பாலும் பிழையாகவே முடியும்.

ஒரு செலவின் உண்மையான விலை, அதே பணத்தில் செய்திருக்கக்கூடிய வேறொன்று. பொருளியலில் இதை வாய்ப்புச் செலவு என்பார்கள். மதுரையை அடுத்த தோப்பூர் எய்ம்ஸ் மருத்துவமனையை எடுத்துக்கொள்வோம். 2019 ஜனவரி 27 அன்று பிரதமர் அடிக்கல் நாட்டினார். திட்ட மதிப்பு பின்னர் ₹1,977.8 கோடியாக உயர்ந்தது, அதில் ₹1,627.7 கோடி ஜப்பான் அரசின் வளர்ச்சி உதவி நிறுவனமான ஜைகா தரும் கடன். 2022இல் முதல் மாணவர்கள் ராமநாதபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் படிக்கத் தொடங்கினார்கள். தோப்பூரில் கட்டுமான வேலை 2024 மார்ச்சில்தான் தொடங்கியது. 2025 ஏப்ரலில் கடற்படைக்கு 26 ரஃபேல் விமானங்கள் வாங்க பிரான்ஸுடன் கையெழுத்தான ஒப்பந்தத்தின் மதிப்பு, ஆயுதங்களும் பயிற்சியும் உட்பட, ஏறத்தாழ ₹63,000 கோடி. சராசரி போட்டால் ஒரு விமானத்தின் பங்கு ₹2,400 கோடியைத் தாண்டுகிறது. ஒரு விமானத்தின் பங்கில் தோப்பூர் மருத்துவமனை முழுவதையும் கட்டிவிட்டு மிச்சமும் பிடிக்கலாம்.

இந்த ஒப்பீட்டையும் அப்படியே விழுங்கிவிடக் கூடாது. ஐயப்பார்வை என்பது நமக்குப் பிடித்த வாதத்துக்கும் பொருந்த வேண்டும். விமானம் வாங்காவிட்டால் அந்தப் பணம் தானாகத் தோப்பூருக்கு வந்துவிடாது; விமானத்துக்கான தொகை பல ஆண்டுகளில் பிரித்துக் கட்டப்படுவது; மருத்துவமனை தாமதமானதற்குக் கடன் நடைமுறை, மதிப்பீட்டுத் திருத்தம் என்று அதற்கே உரிய காரணங்கள் உண்டு. ஆனாலும் ஒன்று மிச்சமிருக்கிறது. எத்தனை படுக்கை, எவ்வளவு கடன், வட்டி என்ன, எப்போது முடியும், ஏன் இன்னும் தொடங்கவில்லை என்று தென் மாவட்டங்கள் முழுவதும் அந்த மருத்துவமனையைப் பற்றி ஆண்டுக்கணக்கில் கேள்வி கேட்டன. கேட்டது முற்றிலும் சரி. அதே கேள்விகளை ஒரு விமான ஒப்பந்தத்தைப் பற்றிக் கேட்டால் மட்டும் ஏன் நாட்டுப்பற்று சோதனைக்கு உள்ளாகிறது?

பட்டாளத்துக்காரர்களுக்காகத்தான் இவ்வளவு செலவு என்ற வாதத்தை நம் பகுதியில் மிகக் கவனமாகக் கையாள வேண்டும். உசிலம்பட்டி, திருமங்கலம், பேரையூர்ப் பக்கத்துக் கிராமங்களில் பட்டாளத்துக்குப் போனவர் இருக்கும் குடும்பங்கள் உண்டு. அவர்களுடைய சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் யாரும் குறைசொல்ல முடியாது. அவர்கள் பெயரைச் சொல்லிக் கேட்கப்படும் பணம் அவர்களிடம் போய்ச் சேர்கிறதா என்பதே கேள்வி. சியாச்சின் போன்ற உயரமான பனிப்பகுதிகளில் பணிபுரியும் வீரர்களுக்குப் பனிக்கண்ணாடி, காலணி, தகுந்த உணவு ஆகியவற்றில் பற்றாக்குறை இருந்ததையும், பழைய காலணிகளையே சீர்செய்து மறுபடி கொடுத்ததையும் 2020 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை பதிவு செய்திருக்கிறது. 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் சேரும் இளைஞர்களில் நான்காண்டு முடிவில் 25 சதவீதம் வரையே நிரந்தரமாக்கப்படுவார்கள்; மற்றவர்களுக்கு ஓய்வூதியம் கிடையாது. படையின் சராசரி வயதைக் குறைப்பது அரசு சொன்ன காரணம். மேலே பார்த்த ₹1.60 லட்சம் கோடி ஓய்வூதியக் கணக்கைப் படித்தவருக்கு இன்னொரு காரணமும் கண்ணில் படும். வீரரின் தியாகத்தைச் சொல்லி வாங்கிய பணத்தில், அந்த வீரரின் காலணியிலும் முதுமையிலும் சிக்கனம் பிடிப்பது எனக்கு உண்மையாகவே வேதனை தருகிறது.

எல்லா ஆபத்தும் கற்பனை என்ற முடிவுக்கு இதிலிருந்து வந்துவிடக் கூடாது. 1962இல் இமயமலைக் குளிரில் பருத்திச் சீருடையோடும் பழைய .303 துப்பாக்கிகளோடும் நம் வீரர்கள் நிறுத்தப்பட்டார்கள். ஆபத்தைக் குறைத்து மதித்த அரசின் பிழைக்கு உயிரைக் கொடுத்தவர்கள் அவர்கள். 1986இல் ஒப்பந்தமான போஃபர்ஸ் பீரங்கிகளில் லஞ்சம் கைமாறியதாக எழுந்த குற்றச்சாட்டு ஓர் ஆட்சியையே உலுக்கியது. அதே பீரங்கிகள் 1999இல் கார்கில் மலைகளில் பெரிதும் பயன்பட்டன. ஆயுதம் தேவையாகவும் இருக்கலாம், அதை வாங்கிய விதம் தவறாகவும் இருக்கலாம். இரண்டையும் ஒரே நேரத்தில் மனத்தில் வைத்துக்கொள்ளத் தெரிந்தவரே இந்த விஷயத்தில் நம்பத்தக்க விமர்சகர்.

வேலைவாய்ப்பு வாதத்தை விரைவாகவே கடந்துவிடலாம். 2019இல் தொடங்கிய தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி ஆகியவை மையங்கள். மதுரை அவற்றில் இல்லை. தொழிற்சாலை வந்தால் வேலை வரும் என்பது மெய். ஆனால் ஒரு செலவை ஆபத்துக்காக என்று தொடங்கி, வேலைக்காக என்று முடித்தால், அதே தொகை பள்ளியிலும் மருத்துவத்திலும் எத்தனை வேலை தரும் என்று கேட்க நமக்கு உரிமை வந்துவிடுகிறது. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகப் பொருளியல் ஆய்வாளர்கள் அமெரிக்கக் கணக்குகளை ஆராய்ந்து, ஒரே தொகைக்கு ராணுவத்தைவிடக் கல்வியும் மருத்துவமும் கூடுதல் வேலை தருகின்றன என்று கண்டிருக்கிறார்கள்.

தமிழ் வாசகருக்கு மிக நெருக்கமான பாடம் பாக் நீரிணைக்கு அப்பால் இருக்கிறது. 1987 ஜூலை 29 அன்று கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி இலங்கைக்குப் போன இந்தியப் படைக்கு அமைதி காக்கும் படை என்று பெயர். அக்டோபரில் அது சண்டையில் இறங்கியது. 1990 மார்ச்சில் திரும்புவதற்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்களும் ஈழத்துப் பொதுமக்கள் பலரும் உயிரிழந்தார்கள். 2009இல் இலங்கை அரசு தன் இறுதிப் போரை மனிதாபிமான நடவடிக்கை என்று அழைத்தது. அந்தக் கடைசி மாதங்களில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. பொதுச்செயலாளர் அமைத்த குழு 2011இல் கூறியது. ஆனையூரிலும் திருவாதவூரிலும் உச்சப்பட்டியிலும் உள்ள மறுவாழ்வு முகாம்களில் வாழும் குடும்பங்கள் இந்தப் போர்க்காலத்தில் கடல் கடந்து வந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளுமே. அந்த அழகிய பெயர்களுக்குப் பின்னால் நடந்தது என்ன என்பதை எந்த அறிக்கையையும்விட அவர்கள் நன்கறிவார்கள்.

போர் முடிந்தபின் நடந்ததும் நம் சோதனைக்கு உரியது. புலிகளை வெல்வதற்காக வளர்க்கப்பட்ட படை, புலிகள் இல்லாமல் போனபின்னும் ஏறத்தாழ இரண்டு லட்சம் பேருடன் நீடித்தது. நாடு திவாலாகி, எரிபொருளுக்கும் மருந்துக்கும் மக்கள் வரிசையில் நின்ற 2022க்குப் பிறகே, 2023 ஜனவரியில், படையை 2024க்குள் 1,35,000 ஆகவும் 2030க்குள் ஒரு லட்சமாகவும் குறைக்கப்போவதாக இலங்கை அரசு அறிவித்தது. தேவை முடிந்ததும் கலைப்பது இயலாத காரியமில்லை என்பதற்கு மதுரையின் தெருக்களே சாட்சி. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன், பயனற்றுப்போன கோட்டை மதிலை இடித்து அகழியைத் தூர்த்து, ஊர் விரிய வழிசெய்தார்; மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் அந்த வேலையில் ஈடுபட்டவர்களின் பெயரை இன்றும் தாங்கி நிற்கின்றன.

கேள்வி கேட்பவர் தனித்துவிடப்படுவார் என்பதையும் தொடக்க வாசகர் அறிந்திருப்பது நல்லது. டோன்கின் தீர்மானத்தை அமெரிக்க செனட்டில் 88 பேர் ஆதரித்தபோது எதிர்த்தவர்கள் வெய்ன் மோர்ஸ், எர்னஸ்ட் குரூனிங் என்ற இருவர்; 1968இல் இருவருமே பதவியை இழந்தார்கள். 2001 செப்டம்பர் 14 அன்று ஜனாதிபதிக்கு வரையறையற்ற போர் அதிகாரம் தந்த தீர்மானத்தைப் பிரதிநிதிகள் அவையில் 420 பேர் ஆதரிக்க, பார்பரா லீ ஒருவர் மட்டும் எதிர்த்தார். கொலை மிரட்டல்கள் வந்ததால் அவருக்குக் காவல் போட வேண்டியதாயிற்று. 

இங்கே நாம் தொடங்க வேண்டிய இடம் அவ்வளவு கடினமானதன்று. ஒவ்வோர் ஆண்டும் பட்ஜெட்டுடன் பாதுகாப்பு அமைச்சகத்தின் செலவு, பொது நிர்வாகம், படைகளின் வருவாய்ச் செலவு (சம்பளமும் அன்றாடப் பராமரிப்பும்), மூலதனச் செலவு, ஓய்வூதியம் என நான்கு மானியக் கோரிக்கைகளாக, அதாவது செலவுக்கு ஒப்புதல் கேட்கும் கோரிக்கைகளாக, நாடாளுமன்றத்துக்கு வருகிறது. நாடாளுமன்ற நிலைக்குழு அவற்றைப் பரிசீலித்து அறிக்கை தருகிறது; தணிக்கையாளரின் அறிக்கைகள் தனியே வருகின்றன. இவற்றில் பெரும்பாலானவை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் மக்களவையில் நேரம் போதாதென்று மீதிக் கோரிக்கைகளை ஒட்டுமொத்தமாக வாக்குக்கு விடும் கில்லட்டின் முறை இருக்கிறது. 2018இலும் 2023இலும் எல்லா அமைச்சகங்களின் கோரிக்கைகளும் விவாதமே இல்லாமல் நிறைவேறின. எந்த ஆயுதம், என்ன ஆபத்துக்காக, என்ன விலைக்கு, எந்த ஆண்டு படைக்கு வந்து சேரும், சென்ற ஆண்டு இதே காரணத்துக்காக ஒதுக்கிய பணம் என்ன ஆனது என்று எழுத்துமூலம் கேள்வி எழுப்பும் உரிமை ஒவ்வோர் உறுப்பினருக்கும் உண்டு. அப்படிக் கேட்கும்படி மதுரை, தேனி, விருதுநகர் தொகுதிகளின் உறுப்பினர்களுக்குக் கடிதம் எழுத அந்தந்தத் தொகுதியின் எந்த வாக்காளருக்கும் தடையில்லை. பட்ஜெட் பிப்ரவரி முதல் நாள் வருகிறது. கோரிக்கைகள் பெரும்பாலும் மார்ச்சில் வாக்குக்கு வருகின்றன. அதற்கு இடைப்பட்ட வாரங்களில்தான் அந்தக் கடிதம் போய்ச் சேர வேண்டும்.